மரத்தில் கை வைத்துச் சொல்லுங்க

என் தொழில் மரம் வெட்டுவது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரத்தைக் கட்டிப்பிடித்து அழுகிற ஆள் நான் இல்லை. சாயல்குடிப் பக்கம் கண்மாய் கண்மாயாகச் சீமைக் கருவை வெட்டியிருக்கிறேன். மூட்டம் போட்டுக் கரி எடுத்திருக்கிறேன். கருவை வெட்ட வெட்ட வரும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

எங்கள் ஊர்க் கோயில் காட்டை மட்டும் வெட்ட மாட்டேன் என்றேன். அதனால் இப்போது ஊரில் எங்கள் வீட்டுக் கோயில் வரியை வாங்குவதில்லை. கோயில் வரி வாங்கவில்லை என்றால் நீ ஊரில் ஒரு தலைக்கட்டு இல்லை. உன் வீட்டுக்குத் திருநீறு வராது. மேளம் உன் வாசலில் நிற்காது.

வராவிட்டால் போகட்டும்.

கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் ஊர். சுற்றி மணல், பனை, கருவை. நடுவில் இந்தக் காடு மட்டும் கருப்பாக நிற்கும். பெரிய காடு இல்லை. ஒரு பீடி முடிவதற்குள் சுற்றி வந்துவிடலாம். பாலை, வீரை, உசிலை, நாவல், குருந்து. எந்த மரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. தொடைத் தண்டிக் கொடிகள் மேலே ஏறி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியிருக்கும். மரநாய் இருக்கிறது. பழந்தின்னி வௌவால் இருக்கிறது. உள்ளே அய்யனார் இருக்கிறார். அவருக்குக் கூரை கிடையாது. மரம்தான்.

செருப்போடு உள்ளே போகக் கூடாது. இரும்பு கொண்டு போகக் கூடாது. விழுந்த பழத்தை அங்கேயே தின்னலாம், மடியில் கட்டக் கூடாது. கீழே கிடக்கிற சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது. பொங்கல் வைக்க விறகு வெளியில் இருந்துதான் வர வேண்டும். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒரு மரம் உண்டு. பங்குனியில் அந்த மரத்து நிழலில்தான் அந்தக் குடும்பம் அடுப்புக் கூட்டும். எங்களுக்கு ஒரு வளைந்த வீரை. என் வீட்டுக்காரியும் இதே ஊர்தான். அவள் பிறந்த வீட்டுக்கு ஒரு பாலை.

ஊரில் எங்கே தோண்டினாலும் உப்பு. காட்டு ஓரத்தில் தோண்டினால் நல்ல தண்ணீர். பெண்கள் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். அது எதனால் என்று நான் ரொம்ப நாள் யோசித்தது இல்லை. சரவாக் போன பிறகுதான் யோசித்தேன்.

சரவாக் மலேசியாவில் இருக்கிறது. எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை என்று ஏஜென்ட் அனுப்பினான். போய் இறங்கினால் தோட்டம் இல்லை. காடுதான் இருந்தது. காட்டைச் சாய்த்த பிறகுதான் தோட்டமாம். கையில் மரம் அறுக்கிற மிசினைக் கொடுத்தார்கள். அங்கேதான் மிசின் பழகினேன்.

எங்கள் ஊரில் மழைக்கு வானத்தைப் பார்ப்போம். அங்கே மழை விட்ட பிறகும் காட்டுக்குள் பெய்துகொண்டே இருக்கும். இலையில் இருந்து இலைக்கு இறங்கி இறங்கி வரும். உச்சிப் பொழுதிலும் பொழுது சாய்ந்த மாதிரி இருக்கும். அட்டை கால் வழியாக ஏறும். பெரிய மூக்குப் பறவை ஒன்று உண்டு. தலைக்கு மேலே அது போனால் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுகிற மாதிரி சிறகு சத்தம் போடும். மரத்தின் மேலேயே மரம் முளைத்திருக்கும். செத்து விழுந்த மரத்தில் பாசி, காளான், எறும்பு, தவளை என்று ஒரு தெருவே குடியிருக்கும். அந்தக் காட்டில் சும்மா கிடந்தது என்று எதையும் நான் பார்க்கவில்லை.

போன புதிதிலேயே ஒன்று விளங்கியது. அங்கே ஒரு மரத்தை வெட்டினால் ஒரு மரம் விழாது. கொடிகள் மேலே இழுத்துக் கட்டியிருக்கும். ஒன்று சாயும்போது பக்கத்தில் நிற்பதையும் இழுத்துக்கொண்டு சாயும். நீ கை வைக்காத மரம் உன் முதுகுப் பக்கம் வந்து விழும். ஓடத் தெரிந்தவன்தான் அங்கே வேலை பார்க்கலாம்.

நாங்கள் தங்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓடை. வந்த புதிதில் கையால் அள்ளிக் குடித்தோம். மேட்டுக் காட்டைச் சாய்த்தோம். அடுத்த மழைக்கு ஓடை செம்மண் குழம்பாக வந்தது. துணி அலசக்கூட ஆகவில்லை. பிறகு மழை இல்லாத நாளில் வறண்டது. அவ்வளவு மழை பெய்கிற நாட்டில் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். ராமநாதபுரத்துக்காரனுக்குத் தண்ணீர் வரிசை புதிது இல்லை. அங்கே நின்றதுதான் புதிது.

ஒப்பந்தம் முடிந்தது. வந்துவிட்டேன். கருவை வெட்டப் போனேன்.

கண்மாய்க் கருவையை ஏலம் எடுப்பவர் என் மச்சான். என் வீட்டுக்காரியின் கூடப் பிறந்த அண்ணன். கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். ஒரு நாள் வீட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்ள, பக்கத்து ஊர்க்காரன் கோபுரம் கட்டிட்டான். நம்ம சாமி வெயில்ல நிக்குது."

"நிழல்லதான மச்சான் நிக்குது."

"குறுக்க பேசாத. காட்டுல முன்பாதிய எடுத்துட்டுக் கோபுரமும் ஒரு கல்யாண மண்டபமும் கட்டுறோம். வெளிநாட்டுல இருக்குற பயலுக பணம் அனுப்புறேன்னு சொல்லிட்டானுக. பின்பாதி அப்படியே இருக்கட்டும். நீ மிசினக் கொண்டா."

"வேற ஆளு கிடைக்கலையா?"

"கேட்டேன். ஒருத்தன் இடுப்பு வலிங்கறான். இன்னொருத்தன் பொண்டாட்டி மாசமா இருக்கா, மரத்துல கை வைக்கக் கூடாதுங்கறான். அவ பேரனே எடுத்துட்டா, இப்பப் போயி மாசமாம்."

"எனக்கு மட்டும் பயம் இருக்காதா?"

"சரவாக்குல அம்புட்டுக் காட்டையும் சாச்சவன் நீ. ஒனக்கு என்னலே பயம்?"

வீட்டுக்காரி உள்ளே இருந்து, "அண்ணே, காப்பி ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றாள். குடிங்க என்று சொன்ன மாதிரி இல்லை.

நான் ஒன்று கேட்டேன். "ஒவ்வொரு தலைக்கட்டும் அவங்கவங்க மரத்துல கை வச்சு, வெட்டுன்னு சொல்லட்டும். ஊர் முன்னால. பெறகு பேசுவோம்."

மச்சான் சிரித்தார். "இம்புட்டுத்தானா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் கூடியது. நான் மிசினைக் காட்டுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன். மச்சான் நேராகப் போய்ப் பாலை மரத்தில் கை வைத்தார். அதற்குள் என் வீட்டுக்காரி முன்னால் வந்துவிட்டாள்.

"அண்ணே, அது ஒங்க ஒருத்தர் மரமா?"

"பொம்பளைக்கு இங்கன என்ன பேச்சு?"

"பொங்க வைக்க மட்டும் பொம்பள வேணுமோ? ஒல கொதிக்காத நாளுல இந்தப் பழத்தத்தான பெறக்கித் தின்னோம். அப்பவும் எனக்குக் குடுக்காம தின்னவர்தான நீங்க."

ஊரே சிரித்தது. மச்சானுக்கு முகம் கறுத்தது. கையை எடுக்கவில்லை.

"வெட்டு" என்றார். சத்தமாகச் சொன்னார்.

பிறகு திரும்பி, "அடுத்து யாரு?" என்றார்.

யாரும் நகரவில்லை. ஒருத்தர் போனை எடுத்துப் பார்த்தார். ஒருத்தர், அண்ணன் துபாயில் இருக்கிறார், அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றார். ஒருத்தர், "எங்க மரம் பின்பாதியில இருக்கு" என்றார். உடனே அவருக்குப் பக்கத்தில் நின்றவர் மரமும் பின்பாதிக்குப் போனது. அதற்கு அடுத்தவர் மரமும் போனது. கொஞ்ச நேரத்தில் ஊரில் இருக்கிற மரம் எல்லாம் பின்பாதியில்தான் நின்றது. முன்பாதியில் மச்சானின் பாலை ஒன்றுதான்.

"போங்கடா" என்றார். என்னைப் பார்த்தார். "என் மரம் முன்னால நிக்குது. நான் சொல்லிட்டேன். நீ ஆரம்பி."

"மாட்டேன் மச்சான்."

"ஏன்?"

"மேல பாருங்க."

பார்த்தார். பாலையில் இருந்து கொடி கிளம்பி உசிலைக்குப் போனது. உசிலையில் இருந்து நாவலுக்கு. அதற்கு அப்பால் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இதச் சாச்சா பின்பாதியும் கூடவே வரும். நான் பாத்திருக்கேன். காடு போனா ஊத்துத் தண்ணியும் போகும். அதையும் பாத்திருக்கேன்."

"அது மலேசியா. இது நம்ம ஊரு."

"மரத்துக்கு அது தெரியாது மச்சான்."

மரத்தில் இருந்து கையை எடுத்தார். பிறகு ஊரைப் பார்த்துச் சொன்னார். "இவன் வீட்டு வரி இனிமே வேண்டாம்."

"சரி" என்றேன். மிசினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கண்மாய் வேலை போனது. முதுகுளத்தூர்ப் பக்கம் வேறு ஆளிடம் கருவை வெட்டப் போகிறேன். போய்வரத் தூரம். வீட்டுக்காரி வரியைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தாள். விரலால் தள்ளிவிட்டார்கள். திரும்பி வந்தவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனாள். "வரிதான வேண்டாம்னாக. தண்ணி வேண்டாம்னு சொல்லலையே" என்றாள்.

பங்குனி வந்தது. வரி இல்லாத வீடு பொங்கல் வைக்க வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். போனோம். வீட்டுக்காரி பானையும் அரிசியும் வெல்லமும் எடுத்துக்கொண்டாள். நான் கருவை விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டேன். வளைந்த வீரைக்கு அடியில் அடுப்புக் கூட்டினோம். யாரும் எங்களோடு பேசவில்லை. யாரும் எழுந்து போகச் சொல்லவும் இல்லை. திருநீற்றுத் தட்டு எங்களைத் தாண்டிப் போனது.

பாலை மரத்தடியில் மச்சான் குடும்பம். அவர்கள் விறகில் ஈரம். புகைந்து புகைந்து அணைந்தது. பானை பொங்கவில்லை. சுற்றி எல்லோரும் குலவை போட்டு முடித்துவிட்டார்கள். மச்சான் காலைச் சுற்றிக் காய்ந்த சுள்ளி கிடந்தது. குனிந்தால் கை நிறைய அள்ளலாம். அந்த மரத்தையே வெட்டு என்று சொன்ன மனிதர். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் குனியவில்லை.

எழுந்து எங்களிடம் வந்தார்.

"மாப்ள, வெறகு இருக்கா?"

வீட்டுக்காரி தலையைத் தூக்காமல் கேட்டாள். "வரி இல்லாத வீட்டு வெறகு எரியுமாண்ணே?"

"எரியும். குடு ஆத்தா."

ஒரு கை விறகு எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றார்.

"சித்திரை கழியவும் மதுரையில இருந்து ஆளு வருது. பேசிட்டேன்."

"வரட்டும். மொதல்ல என் மரத்துக்கு அனுப்புங்க. அடியில நான் இருப்பேன்."

விறகோடு போனார். கொஞ்ச நேரத்தில் பாலை மரத்தடியில் குலவைச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரி இங்கே இருந்தபடியே கூடச் சேர்ந்து குலவை போட்டாள். அவள் பிறந்த வீட்டுப் பானை. போடுவாள்.

சித்திரை போய்விட்டது. மதுரை ஆள் இன்னும் வரவில்லை. வந்தாலும் வரலாம். எங்கள் வரியை இன்னும் வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை. காடு நிற்கிறது. ஊற்றில் நல்ல தண்ணீர்தான். மிசினுக்கு எண்ணெய் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். அது கருவைக்கு.