எதிர்ச்சாரி வீடுகள்

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. நானும் என் கணவரும் குடிவந்தபோது அந்த அடுக்குமாடியில் பாதி வீடுகளுக்கு ஜன்னல் கதவுகூடப் போட்டிருக்கவில்லை. லிஃப்டுக்கு வெட்டிய குழி மட்டும் இருந்தது. கட்டியவர் போனை எடுப்பதை நிறுத்தினார். பிறகு அவருடைய அலுவலகமே பூட்டிக் கிடந்தது. வாடகையும் கொடுத்து வங்கித் தவணையும் கட்ட முடியாத நாங்கள் சிலர், எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டோம். நான் நகரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் டீச்சர். அவருக்கு மருந்து குடோனில் வேலை.

தெருவில் யாரும் எங்களோடு பேசவில்லை. எதிர்ச்சாரியில் ஒரு அக்கா இட்லி மாவு அரைத்து விற்பார். வந்த புதிதில் ஒரு நாள் பாத்திரத்தோடு போய் நின்றேன். "தீந்துருச்சு" என்றார். அவருக்குப் பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்தேன்.

காரணம் ஐப்பசி மழையில்தான் தெரிந்தது. ஒரு நாள் விடாமல் அடித்த மழையில் எதிர்ச்சாரி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. காலையில் தெருவே எங்கள் கேட் முன்னால் வந்து நின்றது. முன்னால் நின்றவர் அந்த அக்காவின் அண்ணன். டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறவர்.

"உங்க மதிலு நிக்கிற எடத்துலதான் எங்க வாய்க்கா போச்சு" என்றார். "எம்புட்டு மழை பேஞ்சாலும் தண்ணி கண்மாய்க்குப் போயிரும். மண்ணக் கொட்டி மூடிட்டாக. அப்பவே மறியல் பண்ணோம். ஒருத்தரும் கேக்கல."

"எங்களுக்குத் தெரியாதுண்ணே" என்றேன்.

"விசாரிக்காமலா வீடு வாங்குனீங்க?"

"நாங்க மட்டும் நல்லா இருக்கோமா? மேல வந்து பாருங்கண்ணே" என்றேன். ஆண்கள் அசையவில்லை. அந்த அக்காதான் நனைந்த சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பின்னால் படியேறினார்.

சமையலறைக் குழாயைத் திறந்து காட்டினேன். காற்றுதான் வந்தது. ஹாலில் மழைத்தண்ணீர் பிடித்த வாளிகள் வரிசையாக இருந்தன. சுவரெல்லாம் ஓதம்.

"குடிக்க?"

"கேன் வாங்குறோம்க்கா."

"துவைக்க?"

"ஞாயித்துக்கிழமை எங்க அம்மா வீட்டுக்கு மூட்டை கட்டிக் கொண்டு போறோம்."

அவரே குழாயை மூடினார். இறங்கும்போது, "நீங்கள்லாம் ரொம்ப வசதியா இருக்கீங்கன்னு நெனச்சோம் டீச்சர்" என்றார்.

மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இன்னும் சேறு கழுவி முடியவில்லை. "பக்கெட்டக் கொண்டாங்க டீச்சர். உங்க பக்கத்து வீட்டுக்காரங்களயும் கூப்பிடுங்க." அன்றிலிருந்து அவர் வீட்டு போர் தண்ணீரில்தான் நாங்கள் குளித்தோம்.

கார்த்திகை பிறந்ததும் என் கணவர் வண்டியில் போகும்போது மணல் சறுக்கி விழுந்தார். காலில் கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கூட்டிவந்து கேட்டில் இறங்கிய பிறகுதான், இவரை எப்படி மேலே ஏற்றுவது என்று எனக்கு உறைத்தது. செய்வதறியாமல் நின்றேன். டைல்ஸ்கார அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே மூன்று பேர். மழையன்று கேட் முன்னால் நின்றவர்கள்தான்.

"சார், கையத் தோள்ல போடுங்க. மாப்ள, திரும்புற எடத்துல மெதுவா."

இரண்டாவது மாடியில் சேரை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். என் கணவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. "என்னால உங்களுக்கு இம்புட்டு சிரமம்" என்றார்.

"டைல்ஸ் பெட்டி இதவிடக் கனம் சார். அது பேசாது, அம்புட்டுத்தான்."

என் கணவர் சிரித்தார். விழுந்த பிறகு அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தார். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கட்டுப் பிரிக்க, எக்ஸ்ரே எடுக்க என்று ஒவ்வொரு முறையும் அவர்களே வந்து இறக்கி ஏற்றினார்கள்.

அதன்பிறகு எங்கள் கட்டடத்தில் ஒரு கூட்டம் போட்டோம். மதிலை உடைத்து, கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தை வாய்க்காலுக்கு விட்டுவிடலாம் என்றேன். யாரும் சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை. "ஏற்கெனவே ஏமாந்து நிக்கிறோம், இதையும் விடணுமா?" என்று ஒருவர் கேட்டார். அதிகம் இழக்கப்போவது கீழ்வீட்டு வங்கி ஊழியர்தான். அவருடைய காருக்கான இடமே போய்விடும். ஆனால் அவரே, "நான் தெருவுல நிறுத்திக்கிறேன். அவங்க பாத்துக்குவாங்க" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து நான் வரும்போது ஜேசிபி மதிலை இடித்துக்கொண்டிருந்தது. கழிவுநீர்க் குழாய் புதைந்திருந்த இடத்தில் மட்டும் மண்வெட்டியால் வெட்ட வேண்டியிருந்தது. தெரு ஆட்களும் எங்கள் ஆட்களும் மாறி மாறி வெட்டினார்கள். பிறகு குடிநீர் இணைப்புக் கேட்டு இரண்டு பக்கத்தாரும் ஒன்றாகவே ஊராட்சி அலுவலகத்துக்கு நடந்தோம். பல நடை நடந்த பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. அடுத்த வருட ஐப்பசி மழையில் தெருக்காரர்கள் குடையோடு வாய்க்கால் ஓரம் நின்றார்கள். நாங்களும் இறங்கிப் போய் நின்றோம். செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போனது. "போகுது" என்றார் அக்கா.

லிஃப்ட் இன்னும் வரவில்லை. வழக்கு நடக்கிறது. ஆனால் என் கணவர் கம்பு ஊன்றித் தானாகவே படியிறங்குகிறார்.

வருடக் கடைசியில் எங்கள் சபையில் நன்றி சொல்லும் கூட்டம் ஒன்று உண்டு. அவருடைய கால் குணமானதற்கு நன்றி சொல்லலாம் என்றுதான் எழுந்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் அந்தத் தெருவைப் பற்றித்தான் பேசினேன். சேரைத் தூக்கியவர்களைப் பற்றி, ஓஸ் பைப் பிடித்து நின்ற அக்காவைப் பற்றி.

உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "அவங்கள்லாம் எந்தச் சபை?"

"எதிர்வீட்டுக்காரங்கம்மா" என்றேன்.