மாம்பழக் கலர் கோடி

அக்கா விடிகாலையில் போய்விட்டாள் என்று கோபிசெட்டிபாளையத்திலிருந்து போன் வந்தது. அப்பா அம்மா இல்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். பிறந்த வீட்டுக் கோடி, அதாவது புதுச்சேலை, போர்த்தாமல் எங்கள் பக்கம் கல்யாணமான பெண்ணின் பிணத்தை எடுக்க மாட்டார்கள். "பொழுது எறங்கறதுக்குள்ள வந்துருங்க மாப்ள. உங்க கோடிக்குத்தான் காத்திருக்கறோம்" என்றார் அக்காவின் கணவர்.

பெங்களூரில் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் மாம்பழக் கலரில் ஒரு பட்டுச்சேலை எடுத்தேன். இரண்டு வருடமாக அவள் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கலர். ஒவ்வொரு பண்டிகைக்கும் "அடுத்த நோம்பிக்குப் பாக்கலாங்க்கா" என்று தள்ளிப்போட்டிருந்தேன். யாருக்கு என்று கடைக்காரப் பெண் கேட்டாள். அக்காவுக்கு என்றேன். அழுகை வரவில்லை.

இறக்கையில் காத்தாடி வைத்த சின்ன விமானம். கோயமுத்தூர்ப் பக்கம் நல்ல மழை. சக்கரம் தரையைத் தொட்டது, வேகம் மட்டும் குறையவில்லை. ஓடுபாதை முடிந்த பிறகும் ஓடி, மண்ணில் இறங்கி, தூக்கித் தூக்கிப் போட்டு ஒருவழியாக நின்றது. பக்கத்து இருக்கை அம்மா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் இன்னொரு கையில் மணி பார்த்தேன். பயந்திருக்க வேண்டும்தான். ஆனால் கோபிக்கு இரண்டு மணி நேரம் ஆகுமே என்று மட்டும்தான் தோன்றியது.

"பையை எல்லாம் விட்டுட்டு இறங்குங்க" என்று பணிப்பெண் கத்தினாள். சொன்னால் கேட்கிற ஆள் நான். அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். எனக்கு முன்னால் ஒருவர் மிக்சர் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். சேற்றில் நின்று அந்த டப்பாவைப் பார்த்தபோதுதான் சேலை இருந்த பை விமானத்துக்குள்ளேயே இருக்கிறது என்று உறைத்தது.

"உள்ள யாரையும் விடமாட்டாங்க சார்."

"ஒரே ஒரு பைங்க. அவசரமுங்க."

"எல்லாரும் அதைத்தாங்க சொல்றாங்க" என்றார் அங்கிருந்த ஊழியர். அவர் மேல் வந்த கோபம்தான் அன்றைக்கு எனக்கு வந்த ஒரே உணர்ச்சி. அதுவும் வாடகைக் கார் ஏறுவதற்குள் போய்விட்டது.

அவிநாசியில் காரை நிறுத்தி ஒரு கடைக்குள் போனேன். பேன்ட் முட்டிவரை சேறு. கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கோடிங்களா?" என்றார். தலையாட்டினேன். அவர் எடுத்துப்போட்ட சிவப்புச் சேலையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

விமானச் செய்தி டிவியில் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அக்காவின் மாமியார் என் முகத்தைத் தடவி, "கண்ணு, உன்னையாவது சாமி உட்டு வெச்சுதே" என்று ஓவென்று அழுதார். நான் கட்டை மாதிரி நின்றேன். சேலையைப் போர்த்தியபோது விலை ஸ்டிக்கர் அதிலேயே இருந்தது. அக்காவின் மகள் அதை மெதுவாக உரித்தாள்.

"அம்மா கேட்டுட்டே இருந்த கலர் இதுங்களா மாமா?"

"ஆமா அம்மணி" என்றேன்.

பத்து நாள் கழித்து விமானக் கம்பெனிக்காரர்கள் என் பையைப் பெங்களூருக்கு அனுப்பிவைத்தார்கள். ஒரு சொட்டு ஈரம் படவில்லை, மடிப்புக்கூடக் கலையவில்லை. என் மனைவி சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கோடின்னு எடுத்ததை இனி யாருங்க கட்டுவாங்க?" என்று பீரோவின் அடித்தட்டில் வைத்தாள்.

உயிரோடு இருந்தவரை அவள் கேட்டும் ஒரு சேலை எடுத்துத் தராதவன், செத்த அன்றைக்கு ஒரே நாளில் இரண்டு எடுத்திருக்கிறேன். பீரோவைச் சாத்தப் போனபோதுதான் எனக்கு அழுகை வந்தது.