மூன்றாம் தண்ணீர்

கண்டி ஆஸ்பத்திரி வார்டில் டொக்டர் அதே கேள்வியை மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"கைக்குழந்தையா இருக்கும்போது பிள்ளைக்குச் சின்னமுத்து வந்ததா அம்மா?"

"இல்லைங்க டொக்டர்" என்றாள் செல்வி. கொழுந்து பறிக்கிறவள். கட்டிலில் கிடந்தது அவளுடைய ஒன்பது வயது மகள் தர்ஷினி. பிள்ளையின் கிளினிக் கார்டிலும் சின்னமுத்து, அதாவது தட்டம்மை, என்று எதுவும் இல்லை. அந்தக் கார்டை எழுதியவள் நான். நோர்வூட் பக்கத் தோட்டங்களில் இருபத்தேழு வருடம் குடும்பநல மாதுவாக இருந்தவள்.

நான்கு மாதமாகத் தர்ஷினிக்குக் கை வெட்டி வெட்டி இழுத்தது. சோற்றுத் தட்டு விழும், பென்சில் விழும். தெரிந்த எழுத்தெல்லாம் மறந்துபோனது. விளையாட்டுப் புத்தி என்றார் டீச்சர். சாமி வருகிறது என்றார்கள் லயத்து வீடுகளில். கோடாங்கி வந்து உடுக்கை அடித்துவிட்டுப் போனார். அதன் பிறகுதான் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான்தான் கண்டிக்குக் கூட்டிவந்தேன்.

டொக்டர் கேட்கக் கேட்க எனக்கு ஒரு லயத்து வாசல் ஞாபகம் வந்தது. எங்கள் குளிரில் வேப்பமரம் நிற்காது. மாத்தளைப் பக்கமிருந்து யாராவது பஸ்ஸில் கொண்டுவந்தால்தான் வேப்பிலை. அப்படி வந்த ஒரு கொத்து செல்வி வீட்டு வாசல் நிலையில் செருகியிருந்தது. தர்ஷினிக்கு அப்போது ஏழு மாதம். சின்னமுத்து ஊசி ஒன்பதாம் மாதம்தான். உடம்பில் முத்துப் போட்டு மாரியம்மா வந்திருக்கும் வீட்டுக்குள், மூன்று தடவை மஞ்சள் தண்ணீர் ஊற்றி அவளை அனுப்பும்வரை வெளியாள் போகக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். நானும் லயத்தில் பிறந்தவள்தான். வாசலோடு திரும்பிவிட்டேன். கார்டில் எழுதவில்லை. இரண்டு மாதம் கழித்து ஊசி போட்டு, அதை மட்டும் அழகாக எழுதிவைத்தேன்.

"புள்ள, தர்ஷினிக்கு அம்மா வந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஆமா மிஸ், வந்துச்சு. டொக்டர் சீக்கைத்தானே கேட்டாரு?"

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அன்றைக்கே முதுகெலும்பிலிருந்து நீர் எடுத்தார்கள். எஸ்எஸ்பிஈ என்ற மூளை நோய் என்று முடிவு வந்தது. சின்னமுத்துக் கிருமி சில பிள்ளைகளை விட்டுப் போவதில்லை. மூளைக்குள் ஏழெட்டு வருடம் சத்தமில்லாமல் கிடந்து, பிறகு வேலையைக் காட்டும். குணமாக்க மருந்து கிடையாது என்று டொக்டர் செல்வியிடமும் சொன்னார்.

வராந்தாவில் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மூணாம் தண்ணி ஊத்தல மிஸ். ரெண்டு தண்ணி ஊத்திட்டு, பிள்ளைக்காம்பரா ஆயாகிட்ட விட்டுட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிட்டேன். அதான் அம்மா கோவிச்சுக்கிட்டு திரும்பி வந்துட்டா. வீட்டுக்குக் கொண்டுபோயி ஊத்திர்றேன், சரியாயிரும்."

"தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல புள்ள. இது சீக்கு. அன்னைக்கு நான் ஒன் வாசல் வரைக்கும் வந்தேன். வேப்பிலையைப் பாத்துட்டு, கேக்காம, எழுதாம திரும்பிட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "எழுதியிருந்தா பிள்ள பொழைச்சிருக்குமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்ல. ஆனா என்ன சீக்குன்னு மொதல்லயே தெரிஞ்சிருக்கும். நாலு மாசமா நீ ஒன்னையே திட்டிக்கிட்டு இருந்திருக்க மாட்ட."

அவள் அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன்.

இப்போது குடும்பநல மாது வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சின்னமுத்து வந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். அம்மா வந்தாளா என்றும் கேளுங்கள். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே கார்டில் எழுதுங்கள்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று தர்ஷினியை வீட்டுக்கு அனுப்பியபோது, அவளுக்குக் கண் மட்டும்தான் அசைந்தது.

"தண்ணி ஊத்தட்டுமா மிஸ்? சரியாகும்னு இல்ல. ஊத்தாம விட்டதுக்கு" என்றாள் செல்வி.

மாத்தளைக்குப் போய் வேப்பிலை வாங்கி வந்தேன். செல்வி அதில் ஒரு கொத்தை நிலையில் செருகினாள். அவள் வெதுவெதுப்பாக மஞ்சள் தண்ணீர் ஊற்ற, உள்ளே உட்கார்ந்து பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தவள் நான்.