பன்னிக்குக் காய்ச்சல்

பன்னிக்குக் காய்ச்சல் வர வெக்கறதுதான் என்னோட டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. சிரிக்காதீங்க. தொண்ணூறுகள்ல கோயமுத்தூர்ல ஒரு லேப்ல நெசமாலுமே அதத்தான் செஞ்சுட்டிருந்தேன். பாக்டீரியா விஷத்தத் துளியூண்டு ஊசியில ஏத்துனா பன்னிக்கு ஒடம்பு கொதிக்கும். அப்ப ரத்தத்துல ஒரு புரதம் பொங்கி வரும். அந்தப் புரதத்த மட்டும் தேடிப் போயி ஒட்டிக்கற ஆன்டிபாடி, சின்ன பாட்டில்ல, ஐஸ்ல வெச்சு வெளிநாட்டுல இருந்து வரும். ரெண்டும் ஒட்டுனா பிளாஸ்டிக் தட்டோட குழியில மஞ்சள் நெறம் காட்டும். அந்த மஞ்சளுக்குத்தான் இத்தன பாடும்.

ஆளுங்க கயித்தப் போட்டு இழுத்தா பன்னி ஊரே கூடற மாதிரி கத்தும். அப்புடி மல்லுக்கட்டுனா ரத்தமே மாறிப்போகும், ஆராய்ச்சிக்கு ஆகாது. எங்கூடு சோமனூர்ப் பக்கம். எங்கப்பா பன்னி வளத்துனவரு. அத நான் லேப்ல யாருகிட்டயும் மூச்சு விடல. ஆனா கைப்பழக்கம் எங்க போகும்? நாக்கச் சப்புக்கொட்டிக் கூப்புட்டு வயித்தச் சொறிஞ்சு உட்டேன்னா எந்தப் பன்னியும் சாஞ்சு படுத்துக்கும், ஊசி போட்டாலும் அசையாது. அதுல ஒரு பொட்டக்குட்டி, எங்குரல் கேட்டாப் போதும், ஓடி வரும். காய்ச்சல்ல வெடவெடன்னு நடுங்கிட்டேகூட வரும். பல்லு கடகடன்னு அடிச்சுக்கறது எங்காதுக்குக் கேக்கும். அந்தச் சத்தம் இன்னும் என்ன உட்டபாடில்ல. மத்தியானம் சும்மா சாஞ்சிருந்தாக்கூடக் கேக்குது, பயந்து எந்திரிச்சு உக்காந்துக்கறேன்.

மொதத் தடவ அத்தனையும் பாழாப் போச்சு. ஆன்டிபாடி வரவழைச்சுக் குடுக்கற ஏஜென்ட் அனுப்புனது மனுசப் புரதத்துக்குச் செஞ்சது. "மனுசனுக்குப் புடிச்சா பன்னிக்கும் புடிக்குமுங்க"ன்னு போன்ல அடிச்சு உட்டான். எங்க புடிச்சுது? ஒரு குழியிலகூட மஞ்சளக் காணோம். அந்தக் குட்டி பட்ட காய்ச்சல் பூராவும் வீணு. அவன் மட்டும் எதுக்க இருந்திருந்தா நல்லாக் கேட்டிருப்பேன்.

பன்னிக்குன்னே செஞ்ச ஆன்டிபாடி வந்து சேந்தப்ப எங்க கைடு சார் சொன்னாரு, "அம்மணி, இந்தத் தடவ ரத்தம் மட்டும் பத்தாது. மண்ணீரலும் வேணும்." மண்ணீரல்னா உசுரு போகோணும்.

"ஏனுங்க சார், வேல முடிஞ்சா உசுரோட உட்டுடறதாச் சொன்னீங்களே?"

"சொன்னேன். மொதல்லயே ரிசல்ட் வந்திருந்தா உட்டிருப்பேன்."

"எங்கூட்டுக்குக் கொண்டு போயிக்கறனுங்க. நாங்க பன்னி வளத்தறவங்கதானுங்க சார்." அத்தன நாளா மறச்சு வெச்சது வாயில வந்துபோச்சு. அவரு மொகம் மாறல. "விஷம் ஏத்துனத வெளிய உட முடியாதுங்க அம்மணி"ன்னாரு, ரொம்ப மரியாதையா. அந்த மரியாதையப் பாத்துத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

பின்னாடி மஞ்சளும் வந்துச்சு, பட்டமும் வந்துச்சு, அதெல்லாம் சரி. மனச அரிக்கறது மண்ணீரல் எடுக்கற அன்னைக்குக் காலைதான். காய்ச்சல் ஏறி, குட்டி கொட்டாய் மூலையில ஒண்டிக் கெடந்துச்சு. சார் கையில கடைசி ஊசி. "கூப்புடுங்க அம்மணி"ன்னாரு. நான் பல்லக் கடிச்சுட்டு நின்னேன். நான் கூப்புடாட்டி அது வராது, கயித்துல இழுக்கவும் மாட்டாங்க, இன்னைக்கு ஒரு நாளாவது தப்பிச்சுக்கும்னு ஒரு நப்பாசை.

அது தலையத் தூக்கி என்னப் பாத்துச்சு. தள்ளாடித் தள்ளாடித் தானா வந்து, எங்கால்ல சாஞ்சு படுத்து வயித்தக் காட்டுச்சு. சார் குனிஞ்சாரு.

"போயிரு சாமி, எந்திரிச்சு ஓடிப் போயிரு!"ன்னு கத்திப்போட்டேன்.

எங்குரலக் கேட்டதும் அது இன்னும் நல்லா ஒட்டிப் படுத்துக்குச்சு.