அக்காவுக்கு எடுத்த வசனம்

கடையில் கேக் அலமாரியின் முன் நின்று கண்ணை மூடினேன். வேலையிடத்தில் இன்றைக்கே சொல்லிவிடுவதா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா என்று ஆண்டவரிடம் கேட்கத்தான். இங்கே நோர்வேயில், நான் வேலை செய்யும் சமையலறையில், வேலையை விட்டுப் போகிறவர் கேக்கோடு வந்துதான் அதைச் சொல்வார். கண்ணைத் திறந்தபோது கடையில் வேலை செய்யும் பெண் ஒரு கதிரையோடு நின்றாள். "கோர் தே ப்ரா?" என்றாள். சுகமாக இருக்கிறாயா என்று கேட்கிறாள். எனக்குத் தலைசுற்று என்று நினைத்துவிட்டாள். ஜெபம் பண்ணினேன் என்று சொல்ல வெட்கம். அந்தக் கதிரையில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தேன். எழும்பியபோது மனதில் ஒரு சமாதானம் இருந்தது. கேக்கை வாங்கினேன்.

இது உங்களில் சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். மட்டக்களப்பில், கல்லடியில், நான் வளர்ந்த வீட்டில் இது சாப்பாடு மாதிரி. மாரி மழைக்கு முன் ஓடு மாற்றுவதா, அம்மாவுக்குத் தையல் மெஷின் வாங்குவதா, எல்லாவற்றையும் அப்பா இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபத்தில் வைப்பார். பிறகு எங்களைப் பார்த்து, "மனசில சமாதானம் இருக்கா?" என்று கேட்பார். இருந்தால் செய்வோம். இல்லையென்றால் பொறுப்போம். வீட்டுப் பக்கத்து வாவியில் தண்ணீர் அசையாமல் கிடக்கும் நாட்களில் ஆண்டவரும் எங்களோடு சேர்ந்து யோசிக்கிறார் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். வருசப் பிறப்பு ஆராதனையில் வசனம் அச்சடித்த அட்டைகளை ஒரு தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கொன்று எடுத்துப் பின்பக்கத்தில் பெயரை எழுதிக்கொள்வோம். அதுதான் அந்த வருசத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு. நான் இங்கே வந்த பிறகும் தங்கை ரஞ்சி என் பெயரைச் சொல்லி எனக்கும் ஒன்று எடுத்து, தொலைபேசியில் வாசித்துக் காட்டுவாள். அந்தத் தட்டில் விழுந்த அவள் கை நிழலில்தான் நான் இந்தப் பனியில் இத்தனை வருசமும் நடந்தேன்.

இந்த முறை வந்த வசனம், சொந்த தேசத்துக்குத் திரும்ப அழைத்துவருவேன் என்ற கருத்தில் இருந்தது. என் கணவர் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வேறு நகரத்தில் குடும்பமாக இருக்கிறான். ரஞ்சியும் தனியாகத்தான் இருக்கிறாள். திரும்பிப்போவதா, இருப்பதா என்று பனிக்காலம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வேறென்ன பதில் வேண்டும்? கேக்கை வெட்டிக் கொடுத்துச் சொன்னேன். கூட வேலை செய்யும் இங்கர் முகம் வாடிப் போனாள். யார் முடிவெடுத்தது என்று கேட்டாள். கடவுள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அது சரி. நீ என்ன விரும்புகிறாய்?" என்றாள். மொழி விளங்கவில்லை என்று நினைத்து மெதுவாக இன்னொரு தடவை கேட்டாள். மொழி விளங்கியது. எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. நான் கரண்டிகளைக் கழுவப் போய்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை ரஞ்சி அழைத்தாள். குரல் சரியில்லை.

"அக்கா, ஏசாதகா. ஒரு பிழை நடந்துபோச்சு."

"என்னடி?"

"நீ வந்து இருக்கிறதுக்கு ஒழுங்கு பண்ணின அறையில மாட்டுவம் எண்டு அந்த வசன அட்டைய எடுத்தன். திருப்பிப் பாத்தா, பின்னுக்கு என்ர பேர். ரெண்டையும் மாறி வாசிச்சிட்டன்."

"அப்ப என்ர வசனம்?"

என்னுடையது, இருக்கிற இடத்திலேயே உன்னோடிருப்பேன், பயப்படாதே என்ற கருத்தில் இருந்தது.

"அப்ப ஆண்டவர் என்னையா திரும்பி வரச் சொல்றார்?" என்றாள் ரஞ்சி. "நான் இந்தா பக்கத்தில கிடக்கிற ஏறாவூரத் தாண்டிப் போனாத்தானே திரும்பி வாறதுக்கு!"

இருவரும் சிரித்தோம். சிரிக்கும்போதே என் நெஞ்சு லேசாகிப் போனதை உணர்ந்தேன். எத்தனையோ வருசமாக ஊர், ஊர் என்று உருகியவள் நான். இருக்கலாம் என்றதும் வந்த இந்த நிம்மதி எனக்கே கூச்சமாக இருந்தது. அட்டை மாறியதிலும் அவர் கை இருந்ததா, எனக்குத் தெரியாது. ஆனால் இதுதான் என் விருப்பம் என்று அப்போதுதான் கண்டேன். பேரப்பிள்ளை, இங்கர், சமையலறை ஜன்னலில் நிற்கும் கடல். வேலையைத் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம்; ரஞ்சியிடம் இதை எப்படிச் சொல்வது?

"ரஞ்சி, நான் இஞ்ச இருக்கப்போறன். வசனத்துக்காக இல்ல. எனக்கு அப்பிடித்தான் ஆசையா இருக்கு."

அவள் மெதுவாக, "அறைக்கு நீலம் அடிச்சிட்டனே," என்றாள்.

"வருசத்துக்கு ஒருக்கா வாறன்."

"மறுகா ஒரு நாளைக்குச் சொல்லாத, மனசு மாறிட்டெண்டு."

"மாறாதுடி."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "பொறு, காட்டுறன்," என்று வீடியோவைத் திறந்தாள். நீலச் சுவர், புதிய பாய், இரண்டு தலையணை. ஒன்றில் அவள் சாய்ந்து, மற்றதில் தொலைபேசியை மேலே பார்க்கும்படி வைத்தாள். நானும் என் கட்டிலில் சாய்ந்து தொலைபேசியைப் பக்கத்தில் வைத்தேன். வாவியில் பட்டுத் தெறித்த பின்னேர வெயில் அந்த அறையின் முகட்டில் அசைந்துகொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம்.