ஒழுகும் கார் வெளியே போகாது

கராஜ் நடத்திய யோசெப்பீன் அக்கா செத்து ஏழு மாதமாகிறது. கஜீவனுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஒன்பது வருடக் கோபம். அவர் அடித்ததற்கான கோபமல்ல அது. அடி அவனுக்குப் புதிதுமல்ல. காறை எலும்பு உடைந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, எப்படி நடந்தது என்று தாதி கேட்டாள். அவன் வாய் திறக்க முன்னர் அக்கா முந்திக்கொண்டு, ஒயிலில் வழுக்கி விழுந்துவிட்டான், பார்த்து நடக்கத் தெரியாதவன் என்று தன் உடைந்த பிரெஞ்சில் சொன்னார். தாதி சிரித்தாள். ஏழு வருடம் கராஜில் நின்ற மெக்கானிக் ஒயிலில் வழுக்கி விழுந்தானாம். எலும்பைவிட அந்தச் சிரிப்புத்தான் நொந்தது.

அவன் செய்ததும் நல்ல வேலையல்ல, அதையும் சொல்லத்தான் வேண்டும். மொன்ட்ரியாலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் கராஜுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த இத்தாலியக் கிழவர் ஒருவர் தன் பழைய டிரையம்ப் காரைக் கொண்டுவந்தார். ஸ்டியரிங் தண்டின் அடியில் இரண்டு கைமுட்டி அளவில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். உள்ளே ஒரு திருகு, திருகில் ஓடும் ஒரு முளை, இரண்டும் தடித்த ஒயிலில் ஊறிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்துக் கார்களில் இந்தப் பெட்டி ஒழுகாமல் இருந்தால்தான் அதிசயம். கஜீவன் அன்று அவசரத்தில் ஒயிலை வடித்துவிட்டுக் கிறீஸை அடைத்து மூடினான். ஒழுக்கு நின்றது. கிழவர் சந்தோஷமாகப் போனார். ஆனால் கிறீஸ் ஒயிலைப்போல ஓடித் திரும்பாது. முளை ஒதுக்கிவிட்ட இடத்திலேயே கிடக்கும். முளை காய்ந்து தேயும். மூன்றாம் வாரம் ஜாரி வீதித் திருப்பத்தில் ஸ்டியரிங் இறுகி, கார் பஸ் தரிப்பிடத்தின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் நின்றது. தரிப்பிடத்தில் ஆளில்லை. கிழவருக்கு முன்பல் நாலும் போயின.

இழுவை வண்டியில் வந்த காரின் பெட்டியை அக்கா திறந்து விரலை விட்டார். விரலில் கிறீஸ். பெட்டியிலிருந்து சக்கரப் பக்கம் போகும் இரும்புக் கையைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். அதை எடுத்துக் கிழவருக்கு முன்னாலேயே கஜீவனின் தோளில் ஓங்கிப் போட்டார்.

அக்காவின் சொந்த ஊர் பேசாலை. மொன்ட்ரியாலுக்கு வந்து முதல் ஆறு வருடம் தையல் தொழிற்சாலையில் நின்றார். புருஷன் நீக்கிலாப்பிள்ளைதான் கராஜைத் தொடங்கியவன். காலையில் கார் திருத்துவான், பின்னேரம் குடிப்பான், குடித்தால் அடிப்பான். ஆட்கள் காரோடு வந்து நிற்க அவன் வெறியில் கிடந்ததால்தான் அக்கா ஸ்பானர் பிடிக்கப் பழகினார். அவன் அடித்த அடியில் இடது காது கேளாமல் போனது. பிறகு ஒருநாள் ஜாக்கித் தடியால் அவர் திருப்பிக் கொடுத்தார். மூன்று விலா. நீக்கிலாப்பிள்ளை டொரொன்டோவில் இருந்த தமையனிடம் ஓடினான். அவனுடைய அறுபதாம் ஆண்டு ஒஸ்ரின் கார் கராஜின் மூலையில் நின்றுவிட்டது. அடுத்த வருடம்தான் கஜீவன் வேலைக்கு வந்தான். புருஷனை அவன் நேரில் கண்டதில்லை.

அதற்குப் பிறகு அக்காவின் கை சும்மா இருக்கவில்லை. உதிரிப்பாகம் கொண்டுவந்தவன் முதலாளியைக் கூப்பிடு என்று சொன்னதற்கு அவனுடைய வான் வண்டியின் முன்கண்ணாடி போனது. தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் வரிசைக்குக் குறுக்கே நுழைந்து நற்கருணை வாங்கப் போன ஒரு பெரிய மனுசருக்குக் கன்னத்தில் விழுந்தது. அடித்த கையோடு அக்காவும் போய் நற்கருணை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்.

போன ஐப்பசியில் நீக்கிலாப்பிள்ளை தொலைபேசியில் வந்தான். கார் தன் பெயரில் இருக்கிறதாம், சனிக்கிழமை வந்து எடுப்பானாம். அக்கா திட்டுவார் என்று கஜீவன் காத்திருந்தான். அவரோ, தொலையட்டும், அதைப் பார்க்கப் பார்க்கக் காது நோகிறது என்று சொல்லிவிட்டு ஒஸ்ரினின் கீழே குனிந்தார். ஸ்டியரிங் பெட்டிக்கு நேர் கீழே சாப்பாட்டுக் கோப்பை அளவில் கறுப்பு ஒயில் தேங்கி நின்றது. ஒழுகும் கார் என் வாசலைத் தாண்டாது என்றார்.

கஜீவன் பகிடியாகச் சொல்லவில்லை, உண்மையாகத்தான் சொன்னான்.

"அக்கா, கிறீஸை அடிச்சு விடுவம். டொரொன்டோ போய்ச் சேர முதல் அந்தாளின்ரை கதை முடியும்."

சொல்லிவிட்டுத் தோளை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டான். அடி விழவில்லை.

"அவன் மட்டுமே றோட்டிலை போறான்? எதிரிலை வாற காருக்குள்ளை ஆர் இருக்கினமெண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"தெரியாதெண்டா ஸ்பானரை எடு."

நாலு நாள் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினார்கள். இரும்புக் கை தண்டில் அறுபது வருடமாக இறுகிப்போயிருந்தது. இழுக்கும் கருவியை மாட்டி, முறுக்கி, நெருப்புக் காட்டி, சுத்தியலால் போட்டு, இரண்டாம் நாள் துவக்கு வெடித்ததுபோல ஒரு சத்தத்தோடு அது கழன்று பறந்தது. அக்காவின் புருவம் கிழிந்தது. சேலைன் தண்ணீரால் கழுவி, ஒரு பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். பழைய றப்பர் வளையம் அரைத்து அரைத்துத் தண்டில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நகத்தை ஓடவிட்டால் தட்டும். புது வளையம் மட்டும் போட்டால் ஒரு கிழமையில் மீண்டும் ஒழுகும் என்று, பள்ளத்தின் மேலே மெல்லிய உருக்குக் குழாய் ஒன்றை ஏற்றினார். முதல் குழாய் பிளந்துவிட்டது. அதைக் கல்லில் வைத்து, ஒவ்வொரு அடிக்கும் புருஷனின் பெயரைச் சொல்லித் தகடாக்கிவிட்டுத்தான் இரண்டாவதை எடுத்தார். ஒயிலை நிரப்பி, கீழே பியர்ப் பெட்டி மட்டையை விரித்து வைத்தார். வெள்ளி காலையில் மட்டையில் ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு. ஸ்டியரிங்கிலிருந்து ஹோர்ன் வயர் இறங்கி வரும் குழாயின் நுனியிலிருந்து விழுந்தது. அதையும் கழற்றிப் புது வளையம் இறுக்கினார். சனி காலையில் மட்டை காய்ந்திருந்தது.

பதினொரு மணிக்கு நீக்கிலாப்பிள்ளை வந்தான். தோல் ஜாக்கெட், நரைத்த மீசை, அந்த நேரத்திலேயே சாராய வாடை.

"எடியேய், நீ இன்னும் சாகேல்லையோ?"

அக்கா சாவியை எறிந்தார். அவன் காரைச் சுற்றி நடந்து கீழே குனிந்து பார்த்தான். யார் திருத்தியது என்று கேட்டான். நான்தான் என்றார் அக்கா. அவன் கஜீவனைப் பார்த்துச் சிரித்தான். பொம்பிளை திருத்தின ஸ்டியரிங்கை நம்பித் தான் ஐந்நூறு கிலோமீற்றர் ஓடுவதா, தன் கண்ணுக்கு முன்னால் கழற்றிப் பூட்டிக் காட்டட்டும் என்றான். அக்கா முடியாது என்று திரும்பினார். அவன் இடது பக்கத்தால் வந்தான். அந்தக் காதுக்கு அவனுடைய சப்பாத்துச் சத்தம் கேட்கவில்லை. அறைந்த அறையில் அக்காவின் தலை, மேசையில் பூட்டியிருந்த இரும்பு இடுக்கியின் விளிம்பில் போய் மோதியது.

கஜீவன் பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்தான். இருவரும் டயர்களுக்கு நடுவே உருண்டார்கள். அவன் கஜீவனின் கட்டைவிரலைக் கடித்துச் சதையை எடுத்தான். கஜீவன் முழங்காலால் அவன் வயிற்றில் மூன்று தரம் குத்தினான். அதற்குள் அக்கா எழும்பி வந்திருந்தார். கையில் இரும்புத் தடி. சீமெந்தில் விரிந்து கிடந்த அவனுடைய வலது மணிக்கட்டில் ஒரே ஒரு போடு. எலும்பு முறிகிற சத்தம் கஜீவனுக்குத் தெரிந்த சத்தம்தான்.

நீக்கிலாப்பிள்ளை அழுதான். அக்கா பெயின்ற் கலக்கும் தடி இரண்டை வைத்து அவன் கையைக் கட்டிவிட்டார். பொலிஸ் என்ற சொல்லை மூன்று பேரில் ஒருவரும் எடுக்கவில்லை. கார் இங்கேயே நின்றால் அவன் இன்னொரு நாள் வருவான். அவனால் இனி ஓட்டவும் முடியாது. அவனைப் பக்கத்து இருக்கையில் ஏற்று, நீ ஓட்டிக்கொண்டுபோய் அவனுடைய தமையன் வாசலில் காரோடு விட்டுவிட்டு வா என்றார் அக்கா. அவரின் கேளாத காதிலிருந்து கழுத்துவரை இரத்தம் மெல்லிய கோடாக இறங்கியிருந்தது. ஒரு கை மேசையை விடவில்லை. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கஜீவன் கெஞ்சினான்.

"என்ரை தலைக்கு இது பழக்கம். நீ ஏறு."

அவன் ஏறினான். மேல் வீட்டுத் திரேசம்மா அன்று பின்னேரம் ஐந்து மணிக்குக் கராஜுக்குள் எட்டிப் பார்த்து, கதிரையில் சரிந்து கிடந்த அக்காவைக் கண்டபோது, கஜீவன் பாதி வழியில் கிங்ஸ்டனைத் தாண்டியிருந்தான். மண்டைக்குள் இரத்தம் கட்டிவிட்டது என்று டொக்டர் சொன்னார்.

புறப்படும்போது அதெல்லாம் யாருக்குத் தெரியும்? அவன் எஞ்சினைக் கிளப்பி ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். இறுக்கமில்லை, ஆட்டமில்லை. பக்கத்தில் அந்தாள் முனகிக்கொண்டிருந்தான். அக்கா யன்னலைத் தட்டினார். கண்ணாடியை இறக்கினான்.

"வழியிலை கோர்ன்வோல் ஊரிலை நிப்பாட்டி, இறங்கிக் குனிஞ்சு பார். ஒரு சொட்டுக் கண்டாலும் அங்காலை ஓடாதை. இவனையும் காரையும் திருப்பிக் கொண்டு வா, நான் திரும்பக் கழட்டுறன்."