வெள்ளிக்கிழமை ஓய்வெடுத்த கிணறு

சண்டிலிப்பாயில் ஒரு கிணற்றுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்கச் சொன்னவள் நான்தான். உப்பேறிய தோட்டக் காணிகளை மீட்கும் திட்டமொன்றில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மாரி இப்போதெல்லாம் பிந்தி வருகிறது. வந்தாலும் இரண்டே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறது. இறைப்பு மட்டும் குறையவில்லை. நல்ல தண்ணீர் குறையக் குறைய அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீர் மேலே வருகிறது, ஒரு நாள் மோட்டரை நிறுத்தினால் கிணறு தேறும். இதை வாசிகசாலையில் படம் கீறி விளக்கியபோது எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

அது பங்குக் கிணறு. நான்கு குடும்பங்கள் முறை வைத்து இறைக்கின்றன. கூட்டத்துக்கு மூன்று ஆண்கள் வந்திருந்தார்கள். எந்த நாளை விடலாம் என்று கேட்டு நான் வாய் மூடவில்லை, மூத்தவர் சொன்னார்:

"வெள்ளிக்கிழமையை விடுவம் பிள்ளை. நல்ல நாள்."

மற்ற இருவரும் "ஓம், ஓம்" என்றார்கள். கோவில் நாள், விரத நாள், எவ்வளவு பொருத்தம் என்று பூரித்துப்போனேன். என் பேச்சை இவ்வளவு சுலபமாக வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஐந்தாவது வாரம் உப்பு அளக்கும் கருவியோடு போனேன். உப்புக் குறைந்திருந்தது. நான் துள்ளிக் குதிக்காத குறை. வரம்பில் ஒரு அக்கா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது பங்குக்காரி அவர். பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவர். நான் கூட்டம் வைத்த நேரம் அங்கே அடுப்படியில் நின்றிருக்கிறார்.

"வெள்ளிக்கிழமை ஆரின்ரை முறை எண்டு கேட்டனீங்களோ பிள்ளை?"

கேட்கவில்லை. மற்றவர்களுக்கு வாரத்தில் இரண்டிரண்டு நாள். சீதனமாக வந்த அவருடைய சின்னப் பங்குக்கு வெள்ளி ஒன்றுதான். அன்றைக்கு இறைத்து, தொட்டியையும் நிரப்பி, மிச்ச நாளெல்லாம் வாளியால் ஊற்றிக் கத்தரி வளர்த்திருக்கிறார். முதல் வெள்ளி மோட்டரைப் போட வந்தவரை, "கந்தோரிலையிருந்து வந்த பிள்ளை நிப்பாட்டச் சொன்னது" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

கோபத்தோடு மூத்தவரிடம் போனேன்.

"அவவுக்குச் சம்பளம் வருகுது பிள்ளை. நாங்கள் தோட்டத்தை நம்பித்தானே இருக்கிறம். எங்கடை நாளை விட்டிருந்தா வெங்காயம் முழுக்கப் போயிருக்கும்."

அவர் சொன்னதும் பொய்யில்லை. திட்டப் போனவள், அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். இதில் எவ்வளவு அவர்களுடைய சூழ்ச்சி, எவ்வளவு என்னுடைய மடத்தனம் என்று இன்றும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அக்கா இப்போது கிணற்றடியில் நின்றார். ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்தார்.

"நல்ல தண்ணிதான். உப்புக் குறைஞ்சிட்டுது."

"வெள்ளிக்கிழமையைத் திருப்பி வாங்கித் தாறன் அக்கா."

"கத்தரிக் கண்டெல்லாம் செத்தாப்பிறகு, வெள்ளிக்கிழமையை வைச்சுக்கொண்டு நான் எதுக்கு இறைக்கிறது?"

அவருக்குப் பின்னால் கத்தரிகள் நின்றபடியே காய்ந்திருந்தன. எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழவும் வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரம் மாத அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. உப்புக் குறைந்தது என்று எழுதினேன். யாருடைய தண்ணீரை நிறுத்தி என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பேனா, தெரியாது.